'கிவ் அப்'புக்குத் தமிழில் என்ன?

பிளாட்பாரக் கடையில் தொங்குகிற டி-ஷர்ட்டிலிருந்து ஷேர் ஆட்டோவின் முதுகு வரைக்கும் இப்போது ஒரே உபதேசம்தான்: 'நெவர் கிவ் அப்!'

அர்த்தம் கேட்டால் எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள். "விட்டுடாதே!" ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே, இரண்டும் சேர்ந்தால் விட்டுவிடு. கொடுப்பதும் மேலே போவதும் சேர்ந்து எப்படி விடுவதாக ஆனது என்று கேட்கக் கூடாது. கேட்டால், "அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணிக்கோ!"

சரி, மனப்பாடமே பண்ணிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பேப்பரைப் பிரித்தால் குழப்பம் ஆரம்பிக்கும். ஒருவர் சிகரெட்டை 'கிவ் அப்' செய்கிறார். அது விட்டொழித்தல். பஸ்ஸில் ஓர் இளைஞன் பாட்டிக்குத் தன் ஸீட்டை 'கிவ் அப்' செய்கிறான். அது விட்டுக்கொடுத்தல். தேடப்பட்ட ஆசாமி போலீஸிடம் தன்னையே 'கிவ் அப்' செய்துகொள்கிறான். அது சரணடைதல். அவனே தன் கூட்டாளியை 'கிவ் அப்' செய்தால் காட்டிக்கொடுத்தல்! விடுகதைக்கு விடை தெரியாதவர் 'ஐ கிவ் அப்' என்றால் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். பின்னால் ஓர் 'ஆன்' சேர்த்து, அப்பா தன் பிள்ளை விஷயத்தில் 'கிவ் அப் ஆன்' என்றால், நம்மூர் பாஷையில் "அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு!"

தியாகிக்கும் அதே சொல், தோற்றவனுக்கும் அதே சொல், துரோகிக்கும் அதே சொல்!

இந்தத் தொல்லையை இங்கிலீஷ்காரர்களே உணர்ந்திருந்தார்கள். டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1755-ல் தன் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, முன்னுரையிலேயே இந்த ரகச் சொற்களைப் பற்றித் தனியாகப் பேசுகிறார். ஒரு வினையோடு ஒரு குட்டிச் சொல்லை ஒட்டவைத்து அர்த்தத்தையே மாற்றிவிடும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவருக்குப் பெரிய கஷ்டம் என்று சொல்லி, இப்படிப்பட்ட சொற்களைச் சிரத்தையாகத் திரட்டித் தந்தார். இவற்றுக்கு 'ஃபிரேஸல் வெர்ப்' என்ற பெயர் பரவியது அதற்கும் வெகுகாலம் கழித்து, லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான்.

ஆனால், பெயர் வைப்பதற்கு எட்டு நூற்றாண்டுகள் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இங்கிலாந்தில் பீட்டர்பரோ மடாலயத்துத் துறவிகள் நாட்டு நடப்பை வருடவாரியாக எழுதிவந்தார்கள். மன்னர் ஸ்டீஃபனுக்கும் மெடில்டா என்ற அரச குலப் பெண்ணுக்கும் நாற்காலிச் சண்டை நடந்த காலம். அதில் 1140-ம் ஆண்டுக்கான குறிப்பிலே, மெடில்டாவின் கணவரான அஞ்சூ பிரபு, நார்மண்டியில் பலரை முற்றுகையிட்டு, அவர்கள் தங்கள் கோட்டைகளை 'கிவ் அப்' செய்யும் வரை விடவில்லை என்று வருகிறது. அன்றைய எழுத்துக்கூட்டல் வேறு, சொல் இதேதான். அதாவது, 'கிவ் அப்' என்பது ஆரம்பத்திலேயே கோட்டைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. ஜெயித்தவன் கையில் தன் உடைமையை ஒப்படைத்தல்!

அந்த 'அப்'புக்கு எப்போதும் 'மேலே' என்று அர்த்தம் எடுக்க வேண்டியதில்லை. 'ஈட் அப்' என்றால் மேலே பார்த்துச் சாப்பிடுவதா என்ன? மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது. 'அப்' வந்தால் காரியம் முழுசாக முடிந்தது என்று பொருள். நாம் இதற்கு 'விடு' போடுகிறோம். சாப்பிட்டுவிட்டான், குடித்துவிட்டான், கொடுத்துவிட்டான். இரண்டு பாஷையும் ஒரே வித்தையைத்தான் வேறு வேறு கையால் செய்கின்றன.

பீட்டர்பரோ துறவிகள் இப்படி எழுதிய காலத்தை ஒட்டி, நம் பக்கத்தில் ஒரு மனிதரின் கதை நடக்கிறது. 'கிவ் அப்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை தமிழ்ச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அவருடைய ஊர், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம்.

சின்ன ஊர்தான். ஆனால் சரித்திர மாணவர்களுக்கு அந்தப் பெயர் அத்துப்படி. பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் கூரம் செப்பேடுகள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூரத்தில் எழுப்பிய சிவன் கோயிலுக்கு ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுத்த பத்திரம் அது. மன்னன் பெருமை சம்ஸ்கிருதத்தில் இருக்கிறது. நிலம், ஏரி, வாய்க்கால் என்று கணக்கு வழக்குக்கு வந்ததும் தமிழ் வந்துவிடுகிறது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு என்றுகூட ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த ஏட்டிலே ஒரு சண்டைக் காட்சியும் உண்டு. லட்சக்கணக்கான படையோடு வந்த சாளுக்கிய மன்னன் விக்கிரமாதித்தன், ஒரு கந்தலை மட்டும் போர்த்திக்கொண்டு ஓடினானாம்! சாளுக்கியர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுடைய கத்வால் செப்பேடுகள், 674-ம் ஆண்டைச் சேர்ந்தவை, காஞ்சியைத் தங்கள் மன்னன் கைப்பற்றியதாகச் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடந்தது ஓரளவு புரிகிறது. பரமேஸ்வரவர்மன் முதலில் காஞ்சியை இழந்தான், பிறகு பெருவளநல்லூரில் எதிரியை விரட்டியடித்தான்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பல்லவன் காஞ்சியை 'கிவ் அப்' செய்தான் என்று ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். தமிழில் அப்படி எழுத முடியாது. விட்டுக்கொடுத்தானா? கைவிட்டானா? இரண்டும் இல்லை. *பறிகொடுத்தான்.* எதிரி பிடுங்கினான், இவன் இழந்தான். 'கொடு' இருக்கிறது, ஆனால் கொடுத்தவன் மனசு அதில் இல்லை. இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அந்த மனிதருக்கு வருவோம். ஸ்ரீவத்ஸாங்கர் என்ற கூரத்தாழ்வான். ராமானுஜரின் முதன்மையான சீடர். இவரைப் பற்றிய கதைகள் வைணவர்களின் குருபரம்பரை நூல்களில் இருக்கின்றன. அவை பிற்காலத்தில் எழுதப்பட்டவை, பக்தர்கள் பார்வையில் சொல்லப்பட்டவை. சரித்திரச் சான்றாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், தமிழர்கள் 'விடுவதை' எப்படியெல்லாம் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது.

கூரத்தில் ஆழ்வான் பெரும் பணக்காரர். நாள்தோறும் அன்னதானம். ராத்திரி அவர் மாளிகைக் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் வரை கேட்குமாம். அந்தச் செல்வத்தின் ஆரவாரம் அவருக்கே கூச்சமாகிப்போனது. எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு, மனைவி ஆண்டாளோடு ராமானுஜர் இருக்கும் ஸ்ரீரங்கத்துக்குக் கால்நடையாகக் கிளம்பினார். இந்த 'கிவ் அப்'புக்குத் தமிழில் *துறத்தல்.* யாரும் கேட்கவில்லை, யாரும் பிடுங்கவில்லை, வேண்டாம் என்று தானே விட்டது.

வழியிலே காடு. ஆண்டாளுக்குப் பயம். "பயமா இருக்கா? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?" என்கிற மாதிரி கேட்கிறார் கணவர். அந்த அம்மாள் தயங்கித் தயங்கி ஒரு பொன் வட்டிலை எடுத்துக் காட்டுகிறார். புருஷன் சாப்பிடுவதற்கு ஆகட்டுமே என்று அதை மட்டும் எடுத்துவந்திருக்கிறார், பாவம்! ஆழ்வான் அதை வாங்கி வீசிவிட்டு நடையைக் கட்டினார். இது *விட்டெறிதல்.*

அடுத்ததுதான் கதையின் உச்சம். சைவப் பற்று மிகுந்த சோழ மன்னன் ஒருவன், சிவனுக்கு மேல் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். அது எந்தச் சோழன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. மன்னனின் அமைச்சன் நாலூரான், ஆழ்வானிடமே பாடம் கேட்ட சீடன். அவன்தான் போட்டுக்கொடுக்கிறான். "மற்றவர்கள் கையெழுத்து போட்டு என்ன பிரயோஜனம்? ராமானுஜரும் ஆழ்வானும் போட்டால்தான் கணக்கு!" இது *காட்டிக்கொடுத்தல்.*

ஆள் தேடி வந்தபோது, குருவை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அவருடைய காவி உடையை உடுத்திக்கொண்டு ஆழ்வானே சபைக்குப் போகிறார். முதியவரான பெரிய நம்பியும் கூடவே வருகிறார். ஓலை நீட்டப்படுகிறது. 'சிவம்', 'துரோணம்' இரண்டும் தானியம் அளக்கும் அளவைகளின் பெயர்களும்கூட. "சிவத்துக்கு மேலே துரோணம் இருக்கிறதே!" என்று எழுதி நீட்டினாராம் ஆழ்வான். கண்களைப் பிடுங்க உத்தரவாகிறது. "உன்னைப் பார்த்த கண்கள் எனக்கெதற்கு?" என்று தானே பிடுங்கிக்கொண்டார் என்றும் ஒரு கதை உண்டு.

அவர் கண்களை 'கிவ் அப்' செய்தார், குருவை 'கிவ் அப்' செய்யவில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. தமிழிலோ, கண்ணைக் *கொடுத்தார்*, குருவை *விட்டுக்கொடுக்கவில்லை.* நம் வீடுகளில் சொல்வோமே, "என் தம்பியைத் தனியாத் திட்டுவேன். நாலு பேர் முன்னாடி விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று. அந்த விட்டுக்கொடுக்காமை. விட்டுக்கொடுப்பது நல்லதா கெட்டதா என்றால், எதை, யாருக்கு என்பதைப் பொறுத்தது. எனக்கு உரியதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தால் பெருந்தன்மை. என்னை நம்பியவரை இன்னொருவரிடம் விட்டுக்கொடுத்தால் துரோகம்.

கதை இன்னும் முடியவில்லை. பல வருடம் கழித்து ராமானுஜர், காஞ்சி வரதனைப் பாடிக் கண்ணைக் கேட்கச் சொல்கிறார். அப்படிப் பாடியதுதான் 'வரதராஜ ஸ்தவம்' என்பார்கள். பாடி முடித்து ஆழ்வான் கேட்டது என்ன தெரியுமா? தனக்குக் கிடைக்கும் நற்கதி நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும்! தன்னைக் காட்டிக்கொடுத்தவனையும் அவர் *கைவிடவில்லை.* வாழ்நாள் பூராவும் எதை எதையோ விட்ட மனிதர், ஆட்களை மட்டும் விடவில்லை.

இந்த நுட்பம் ஏதோ வைணவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். தமிழ் பைபிளைப் பாருங்கள். இயேசு உயிர் விடும் இடத்தில், 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் மாற்கு, லூக்கா, யோவான் மூவரின் சுவிசேஷங்களிலும் ஒரே மாதிரி 'கேவ் அப்' என்கிறது. நம் புரொட்டஸ்டன்ட் சபைகளில் வழக்கமாகப் படிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ, மாற்குவிலும் லூக்காவிலும் உயிரை 'விட்டார்' என்று சொல்லிவிட்டு, யோவானில் மட்டும் 'ஒப்புக்கொடுத்தார்' என்கிறது. காரணம் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் முதல் இருவரும் 'கடைசி மூச்சை விட்டார்' என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட, யோவான் 'கையளித்தார்' என்ற பொருளில் வேறு சொல்லைப் போட்டிருக்கிறார். ஆங்கிலம் ஒன்றாக்கியதைத் தமிழ் திரும்பவும் இரண்டாகப் பிரித்துவிட்டது!

அரசியலுக்கு வந்தாலும் காஞ்சி விடாது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காததால் பெரியார் *வெளியேறினார்.* அந்த ஊர்க்காரர் அண்ணா, பச்சையப்பன் பள்ளியில் படித்துப் பின்னாளில் ஆங்கில மேடைகளையும் அசத்தியவர், 1962-ல் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசினார். அதே வருடம் சீன யுத்தம். அடுத்த வருடம் பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம். தி.மு.க. 1963-ல் கோரிக்கையைக் *கைவிட்டது.* ஆங்கிலப் பத்திரிகைக்கு அது 'கிவ் அப்'. தோல்வி என்று படிக்கலாம், தந்திரம் என்று படிக்கலாம், நாட்டுப்பற்று என்றும் படிக்கலாம். அண்ணாவோ, கோரிக்கையைத்தான் விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்ற பொருளில் விளக்கம் தந்தார். எதை விட்டோம், எதை விடவில்லை என்று அவரே கோடு போட்டுக் காட்டிவிட்டார்.

அதற்கப்புறம் மத்திய அரசே இந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி தொடங்கி வைத்த 'கிவ் இட் அப்' இயக்கம். வசதி இருப்பவர்கள் சமையல் கேஸ் மானியத்தை விட்டுக்கொடுங்கள், ஏழை வீட்டுக்கு அடுப்பு எரியட்டும் என்றார்கள். அடுத்த ஏப்ரலுக்குள் ஒரு கோடிப் பேருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். சந்தேகமில்லாமல் பெரிய மனசு. ஆனால் 2020 ஜூனுக்குப் பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு அந்த மானியம் வரவில்லை, விட்டுக்கொடுக்காதவர்களுக்கும்! முன்னது விட்டுக்கொடுத்தது. பின்னது? நீங்களே சொல் தேடிக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் ஒரு இலக்கணக் குறிப்பு. 'கிவ் இட் அப்' என்று 'இட்' நடுவில்தான் வர வேண்டும். 'கிவ் அப் இட்' தப்பு. சிகரெட்டை விட்டேன் என்பதற்கு 'கேவ் அப் ஸ்மோக்கிங்'. 'கேவ் அப் டு ஸ்மோக்' என்று சொல்லக் கூடாது.

இவ்வளவு தூரம் வந்தது வெறும் வார்த்தை விளையாட்டுக்காக அல்ல. கூரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குள் வந்தால் தறிச் சத்தம் கேட்கும். முன்பு கேட்ட அளவுக்கு இல்லை. 'வீவர்ஸ் கிவ் அப் லூம்ஸ்' என்று ஆங்கிலப் பேப்பர் அடிக்கடி தலைப்புப் போடுகிறது. தமிழ்ப் பேப்பர்களும் அதை அப்படியே பெயர்த்து, 'தறியைக் கைவிடும் நெசவாளர்கள்' என்கின்றன. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 2009-10-ல் நெசவும் அதைச் சார்ந்த வேலையும் செய்தவர்கள் 43 லட்சத்துக்குச் சற்று மேல். 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சத்துக்குச் சற்று மேல். பத்து வருடத்தில் எட்டு லட்சம் பேர்!

இவர்கள் எல்லோரும் 'கைவிட்டார்களா'? குழந்தையைக் கைவிட்டான், பெற்றோரைக் கைவிட்டான் என்று சொல்லும்போது, கைவிட்டவன் மேல் ஒரு குற்றம் வந்து உட்கார்ந்துகொள்கிறது இல்லையா? அந்தக் குற்றத்தை நெசவாளி தலையில் வைப்பது நியாயமா?

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில், தனித்தனி நாடாவால் நெய்து, இழைக்கு இழை கோத்து இணைப்பது. இதற்கு நெசவாளியோடு பக்கத்தில் இன்னொருவரும் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. "என்னோட போகட்டும், நீ படி" என்று எத்தனையோ அப்பாக்கள் தங்கள் தறிக்குத் துணையில்லாமல் செய்துகொண்டார்கள். அதற்குப் பெயர் கைவிடுதல் அல்ல, *விட்டுக்கொடுத்தல்.*

இன்னொரு பக்கம், விசைத்தறியில் ஓடின சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள். கரை போட்ட சேலை முதலான சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கூடவே பட்டு நூல், ஜரிகை விலையும் ஏறியது. சேலையின் விலைச் சீட்டு ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை. இப்படித் தொழிலை இழந்தவரை, கைவிட்டார் என்று எப்படிச் சொல்வது? அவர் *பறிகொடுத்தவர்.* பல்லவன் காஞ்சியைப் பறிகொடுத்த மாதிரி. ஒரு வித்தியாசம், பல்லவனுக்குப் பெருவளநல்லூர் வாய்த்தது.

துறந்தார், விட்டுக்கொடுத்தார், ஒப்புக்கொடுத்தார், கைவிட்டார், பறிகொடுத்தார். இத்தனை சொற்களை நம் முன்னோர் தனித்தனியாக வைத்திருப்பது அழகுக்காக அல்ல. ஒவ்வொன்றிலும் யார் மேல் பொறுப்பு என்ற தீர்ப்பு எழுதியிருக்கிறது. 'கைவிட்டார்' என்று எழுதினால் வாசகர் 'அடப்பாவமே' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். 'பறிகொடுத்தார்' என்று எழுதிப் பாருங்கள். "பறித்தது யார்?" என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

அதனால், அடுத்த தடவை யாராவது எதையோ 'கிவ் அப்' செய்துவிட்டார் என்று படித்தால், உடனே 'விட்டுவிட்டார்' என்று பெயர்த்துவிடாதீர்கள். தானாக விட்டாரா, இன்னொருவருக்காக விட்டாரா, பிடுங்கிக்கொண்டார்களா என்று ஒரு நிமிடம் விசாரியுங்கள். விசாரித்தால்தான் சரியான சொல் கிடைக்கும். அந்த நெசவாளிக்கு நாம் கொடுக்கக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.